வாசலுக்கு எந்த ஸ்டார்?

டிசம்பர் பிறந்தால் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வீட்டுக்கு வீடு இதே கேள்விதான்: கிறிஸ்துமஸுக்கு மூங்கில் குச்சியில் காகித ஸ்டார் கட்டுவதா, கடையில் எல்இடி ஸ்டார் வாங்குவதா?

செலவு: காகிதத்துக்குக் குச்சி, நூல், கலர் பேப்பர், மைதா பசை போதும். எல்இடிக்குக் கூடுதல்தான், ஆனால் அடுத்த வருடமும் மாட்டலாம்.

உழைப்பு: காகிதத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். எல்இடிக்கு ஓர் ஆணி போதும்.

தாங்குமா: நம் கடற்கரையில் இதுதான் பெரிய விஷயம். வடகிழக்குப் பருவமழை முழுசாக ஓய்ந்திருக்காது, வாடைக்காற்று வேறு. போன வருடம் 24ஆம் தேதி சாயங்காலம், பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு தூறல். எங்கள் ஸ்டாரின் சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைச் சுவரில் கோடு கோடாக வழிந்தது. பிள்ளைகள் அழுதே விட்டார்கள். எல்இடி தூறலைத் தாங்கும். உப்புக்காற்றில் ஒயர் முனை பச்சை பூக்கும், கழற்றியதும் துடைத்து வையுங்கள்.

அழகு: சந்தேகமே இல்லை, காகிதம்தான். உள்ளிருந்து கசியும் அந்த வெளிச்சம் பிளாஸ்டிக்கில் வராது.

கடலைப் பார்த்த வாசலுக்கு எல்இடி வாங்குங்கள். வீட்டுக்குள் குடிலுக்கு மேலே தொங்கவிடக் காகிதம். பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்டுங்கள். குண்டு பல்ப் வேண்டாம், சின்ன எல்இடி பல்ப் போட்டால் காகிதம் சூடாகாது.