"சிப் அவுட்" என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதணி விழா பத்திரிகை, ஆடி வந்தால் கூழ் வார்த்தல் நோட்டீஸ். போன ஆடியில்தான் இது நடந்தது. என்னை ஏமாற்றிய கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் தப்பு அந்த ஒரு கடையோடு முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள். இதே வசனத்தை வேறு கடைகளில் கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கோரல்டிராவில் (நோட்டீஸ் வடிவமைக்கும் மென்பொருள்) அம்மன் படத்தைப் பெரிதாக்கினேன். திரை கறுத்துப்போய் இரண்டு மூன்று விநாடி கழித்துத் திரும்பி வந்தது. வந்ததும் அங்கங்கே பச்சைக் கட்டங்கள். மறுபடி பெரிதாக்கினால் மறுபடி கறுப்பு. மறுநாள் ஆடி வெள்ளி, கையில் நான்கு கோயில் நோட்டீஸ். சிபியூவை (பெட்டிக்கு அது சரியான பேர் இல்லையாம், ஆனால் எங்கள் தெருவில் அதுதான் பேர்) மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி ஆன் செய்து அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "கிராபிக்ஸ் கார்டுல சிப் அவுட்டுக்கா. இன்னா பண்றது, காசிமேட்டுக் காத்து. உப்புல எல்லாம் பூத்துப் போவுது" என்றார். திரைக்குப் படத்தை அனுப்பும் அட்டைதான் கிராபிக்ஸ் கார்டு. அதில் இருக்கும் முக்கியமான சிப் செத்துப்போச்சு என்று அர்த்தம்.

நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உதிர்கிறது. பொய்யை நம் ஊர்க் காற்றில் குழைத்துக் கொடுத்தால் தொண்டையில் சிக்காமல் இறங்கிவிடுகிறது.

சிப்பைக் கழற்றிச் சூடுபடுத்தித் திரும்ப ஒட்ட வேண்டும், அதற்குப் பேர் ரீபாலிங் என்றார். அதற்கு 4,500, விண்டோஸ் போட 500, சர்வீஸ் சார்ஜ் 300. ஆக மொத்தம் 5,300 ரூபாய். பில் கேட்டேன். விசிட்டிங் கார்டுக்குப் பின்பக்கம் மூன்று தொகையையும் எழுதிக் கொடுத்தார். விண்டோஸ் எதற்குப் புதிதாகப் போட வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்கான தண்டனை ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் போய்விட்டன. எழுத்துருக்களும் போய்விட்டன. பாமினியில் அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறீர்களா? "அருள்மிகு" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். டி டிரைவில் தப்பித்திருந்த பழைய நோட்டீஸ்கள் எல்லாம் அப்படித்தான் திறந்தன.

நான்கு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் அதே கறுப்பு, அதே பச்சைக் கட்டம். திரும்பப் போனால், "போர்டும் வீக்குக்கா, புதுக் கார்டு போட்டாத்தான் நிக்கும், 9,000 ஆவும்" என்றார். கையில் பணம் இல்லாததுதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா பையன் அந்த ஞாயிறு வந்தான். கல்லூரியில் படிக்கிறான், கேம் பைத்தியம். அவன் முதலில் பெட்டியைத் தொடவே இல்லை. "கட்டம் தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடு சித்தி, எடுத்து உன் போனுக்கு அனுப்பு" என்றான். போனில் திறந்தால் அதிலும் கட்டம் இருந்தது. அப்படி என்றால் மானிட்டர்மீதும் கேபிள்மீதும் தப்பு இல்லை. போனில் படம் சுத்தமாக வந்திருந்தால் முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டுமாம். காசே செலவில்லாத சோதனை.

அடுத்து கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, டெலீட் பட்டனைத் தட்டி, விண்டோஸ் கிளம்புவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரைக்குள் போனான் (சில கம்ப்யூட்டரில் எஃப்2). கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு டீ குடித்தோம். ஒரு கட்டம் இல்லை, கறுக்கவும் இல்லை. அங்கே விண்டோஸ் கிடையாது, விண்டோஸின் டிரைவரும் கிடையாது. பிறகு சேஃப் மோடில் போட்டான். அதில் விண்டோஸ் தன்னுடைய அடிப்படை டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு ஓடும். எழுத்தெல்லாம் தடித்துப் பெரிதாகத் தெரிந்ததே தவிர கட்டம் வரவில்லை. "உப்புக் காத்து பயாஸ்ல மட்டும் அடிக்காதா சித்தி?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரைவர் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் "எந்த ஆட்டோ டிரைவர்?" என்று எட்டிப் பார்த்தார். விண்டோஸ் சொல்வதைக் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி சொல்லும் மென்பொருள்தான் டிரைவர். அது மாட்டிக்கொண்டால் விண்டோஸ் வழக்கமாக 2 விநாடி பொறுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் தானே டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். எனக்குத் திரை கறுத்துத் திரும்பியது அதனால்தான். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு, டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டது என்று ஆங்கிலத்தில் வரிசையாகப் பதிவாகியிருந்தது.

சூடேறினாலோ, விசிறியில் தூசி அடைத்தாலோ கார்டே இப்படித் தடுமாறலாம், வேலை அதிகமாகும்போது மட்டும் தடுமாறலாம் என்றும் சொன்னான். அதனால் பயாஸ் சோதனையோடு விடாமல், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் போய் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தான். டிரைவர் அப்டேட்ஸ் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அதில் என் கார்டுக்குப் புது டிரைவர் ஏறிய தேதி, கோளாறு திரும்பி வந்ததற்கு முந்தின நாள் ராத்திரி.

இப்போது கதை புரிந்தது. சர்வீஸ் கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பென் டிரைவில் இருந்த பழைய டிரைவரை ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் நான்கு நாள் ஓடியது. பிறகு அப்டேட் தானாக வந்து புது டிரைவரை ஏற்றியிருக்கிறது. என் பழைய கார்டுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வியாழக்கிழமையும் இதுவேதான் நடந்திருக்கும்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸில் கார்டின் பெயரை இருமுறை கிளிக் செய்து, டிரைவர் என்ற பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் என்ற பட்டனை அமுக்கினான். பழைய டிரைவர் திரும்பியது. அது மறுபடி தானாக மாறாமல் இருக்க, டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் "நோ" என்று வைத்தான். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். ஆடி போய் ஆவணியும் முடிந்தது, ஒரு கட்டம்கூட வரவில்லை. (அந்த பட்டன் மங்கலாக இருந்து அமுக்க முடியாவிட்டால், கார்டு கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்து பழைய பதிப்பை இறக்கிப் போட வேண்டும். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் எதையும் தொடாதீர்கள். திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். ஒரு பீப் கேட்கும், டிரைவர் மறுபடி கிளம்பும். சேமிக்காத ஒரு போஸ்டரை எனக்கு அது ஒருமுறை காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.)

அப்புறம்தான் பெட்டியைத் திறந்து கார்டை வெளியே எடுத்தான். சிப்பைச் சூடுபடுத்த வேண்டும் என்றால் அதன்மேல் இருக்கும் விசிறியையும் ஹீட் சிங்கையும் (சிப்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகத் துண்டு) கழற்றாமல் முடியாது. என் கார்டில் அதைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்றின்மேல் கம்பெனி ஒட்டிய குட்டி ஸ்டிக்கர் இருக்கிறது. அது கிழியவே இல்லை. ஹீட் சிங்க் இடுக்கில் இருந்த தூசிகூட அப்படியே இருந்தது. 4,500 ரூபாய் வாங்கியவர் அதை ஊதிக்கூட விடவில்லை.

ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் போனோம். "அப்டேட்ட ஆன்ல வெச்சுக்கினா நாங்க இன்னாக்கா பண்றது?" என்றார். "அப்போ சிப்பு, தம்பி?" என்றேன். போட்டோவைப் பார்த்தார். கடைப் பையன்தான் வேலை பார்த்தான், எனக்குத் தெரியாது என்றார். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அங்கேயே நின்றுகொண்டு போன் செய்யப் போகிறேன் என்றதும் கல்லாவில் இருந்து 3,000 ரூபாயை எடுத்து வைத்தார். மீதி அடுத்த வாரம் என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

போன திங்கட்கிழமை 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். விசிட்டிங் கார்டின் பின்பக்கம், ஸ்டிக்கர் போட்டோ, அப்டேட் ஹிஸ்டரியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். மீதி 2,300 ரூபாய் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ரீபாலிங் என்று பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் கார்டின் ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.