ப்ரோமீதியஸ்: திட்டிக்கிட்டே ரசிச்ச படம்

2012 ஜூன்ல இந்தப் படத்தை தியேட்டர்ல பார்த்தேன், அதுக்கு பாதி காரணம் டைரக்டர் ரிட்லி ஸ்காட், மீதி காரணம் கரண்ட் கட். அப்போ சென்னையில டெய்லி ரெண்டு மணி நேரம் கரண்ட் போகும், கத்திரி முடிஞ்சும் வெயில் அடங்கல, ரெண்டு மணி நேரம் ஏசியில உட்கார்ந்தா போதும்டா சாமின்னு மவுண்ட் ரோட் பக்கம் ஒரு தியேட்டருக்கு ஃப்ரெண்டை இழுத்துட்டுப் போனேன். குடுத்த 3டி கண்ணாடியில முந்தின ஷோ பார்த்தவரோட விரல் ரேகை அப்படியே இருந்துச்சு, சட்டையில துடைச்சுட்டு மாட்டினேன். வெளிய வரும்போது ரெண்டு பேருக்கும் சண்டை, அவனுக்குப் படம் மொக்கை, எனக்கு சொல்லத் தெரியல. போன வாரம் அக்கா பையனோட வீட்டு டிவில திரும்பப் பார்த்தேன், இப்போ ஓரளவுக்கு சொல்லத் தெரியுது. ஸ்பாய்லர் நிறைய இருக்கு, பார்க்காதவங்க இங்கயே இறங்கிக்கலாம்.

கதை சிம்பிள். 1979ல வந்த ஏலியன் படத்துக்கு இது முன்கதை. அந்தப் படம் 2122ல நடக்குது, இது 2093ல. வேற வேற பழைய நாகரிகங்கள் வரைஞ்ச ஓவியத்துல எல்லாம் ஒரே நட்சத்திரக் கூட்டம் இருக்கு, நம்மளைப் படைச்சவங்க அங்க இருந்துதான் வந்திருப்பாங்கன்னு ரெண்டு விஞ்ஞானிங்க நம்புறாங்க, ஒரு பணக்காரக் கிழவர் காசு போடுறார், 17 பேர் கப்பல் ஏறி எல்வி-223ன்னு ஒரு நிலவுக்குப் போறாங்க.

முதல் சீனுக்கே காசு செரிச்சிடும். ஐஸ்லாந்துல டெட்டிஃபாஸ்னு ஒரு நீர்வீழ்ச்சி, 44 மீட்டர் உயரம், 100 மீட்டர் அகலம், கலங்கின சாம்பல் கலர் தண்ணி இடிச்சுக்கிட்டு விழுது. அது மேல வெள்ளை வெளேர்னு ஒருத்தன் நின்னு ஒரு கருப்புத் திரவத்தைக் குடிக்கிறான், உடம்பு உள்ளேருந்தே பொடிப்பொடியா ஆகுது, கேமரா ரத்தத்துக்குள்ள போய் டிஎன்ஏ இழை கருகி உடையறதைக் காட்டுது. நீர்வீழ்ச்சி நிஜம், டிஎன்ஏ கம்ப்யூட்டர், ஆனா எது எங்க முடிஞ்சு எது எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியல. ஸ்காட்டோட பலமே இதுதான், கிராஃபிக்ஸுக்கு அடியில கால் வைக்க ஒரு நிஜத் தரை போட்டுடுவார். குகை, அந்தப் பெரிய தலைச் சிலை இருக்கிற ஹால், கப்பல் உள்பக்கம் எல்லாம் லண்டன் பக்கத்துல பைன்வுட் ஸ்டூடியோல செட்டாவே கட்டிட்டாங்க. அதனால நடிகர்கள் பச்சைத் துணியைப் பார்த்து முழிக்கிற அந்த வெறிச்ச பார்வை இதுல ரொம்பக் கம்மி. 3டி கூட அப்படித்தான், படம் எடுத்துட்டு அப்புறமா மாத்தினது இல்ல, 3டி கேமராலயே எடுத்தது, ஸ்காட்டுக்கு அதுதான் முதல் 3டி படம். மூஞ்சிக்கு நேரா கத்தி ஈட்டி எல்லாம் வீசாம, குகை எவ்வளவு ஆழம்னு காட்டறதுக்கு அதை யூஸ் பண்ணியிருக்கார், அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

டேவிட்னு ஒரு ரோபோ, மைக்கேல் ஃபாஸ்பெண்டர். படத்தை ஒத்த ஆளா தோள்ல தூக்கிட்டுப் போறது இவர்தான். மத்தவங்க எல்லாம் ரெண்டு வருஷம் தூங்கிட்டே வர்றப்போ இவர் தனியா கப்பல்ல சைக்கிள் ஓட்டுறார், பழைய படம் பார்த்து அந்த ஹீரோ மாதிரியே தலைமுடிக்குக் கலர் அடிச்சுக்கிறார், படைச்சவங்ககிட்ட பேசணுமேன்னு சமஸ்கிருதம், இங்கிலீஷ் மாதிரி மொழிக்கெல்லாம் மூதாதையான ஆதி இந்தோ ஐரோப்பிய மொழியைப் படிக்கிறார். இந்த இடத்துல தியேட்டர்ல எங்க பின் சீட்ல ஒருத்தர் "தமிழ்ல பேசியிருந்தா வேலை ஈஸியா முடிஞ்சிருக்கும்"னு சொன்னார் பாருங்க, ஒரு வரிசையே சிரிச்சுது. டேவிட் கையைத் தூக்கினதும் அண்டமே நட்சத்திர மேப்பா சுத்தி விரியற சீன் இருக்கே, அதை மட்டும் நான் ஒரு பத்து தடவை பார்த்திருப்பேன். அதுல அவர் முகத்துல வர்ற குழந்தைச் சிரிப்புக்கு எந்த எஃபெக்ட்ஸும் தேவைப்படல.

அடுத்து அந்த ஆபரேஷன் சீன். ஹீரோயின் ஷா வயித்துல ஏதோ ஒண்ணு வேகமா வளருது, தானா ஆபரேஷன் பண்ற மெஷினுக்குள்ள ஓடிப் போறாங்க, அது ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் செட் பண்ணியிருக்குன்னு சொல்லுது! (மெஷின் இருக்கிறது சார்லிஸ் தெரான் நடிச்ச மேலதிகாரியோட ரூம்ல. பொம்பளை ரூம்ல ஆம்பளை மெஷின் எதுக்குன்னு அப்பவே யோசிச்சவங்க புத்திசாலி, கிழவர் கப்பல்லயே ஒளிஞ்சிருக்கார்.) அப்புறம் நடக்கறதைப் பார்த்து எனக்கு பாப்கார்ன் இறங்கல. நூமி ரபாஸ் அந்த வலியை அப்படி நடிச்சிருக்காங்க. ஆனா அது முடிஞ்ச அடுத்த நிமிஷமே வயித்துல ஸ்டேபிள் அடிச்ச கையோட ஓடுறாங்க, தாவுறாங்க, கயித்துல தொங்குறாங்க. நம்ம வீட்டுல சிசேரியன் ஆனவங்க எந்திரிச்சு ஒரு டம்ளர் தண்ணி எடுத்தாலே பாட்டி சாமியாடிடுவாங்க.

இங்கேருந்துதான் என் ஃப்ரெண்டு கட்சி ஸ்ட்ராங் ஆகுது. இவ்ளோ பெரிய செலவுல அனுப்பின விஞ்ஞானிங்க இவ்ளோ மக்காவா இருப்பாங்க? காத்து நல்லா இருக்குன்னு மீட்டர் சொன்னதும் வேற்றுக்கிரகத்துல ஹெல்மெட்டைக் கழட்டறாங்க. பறக்கிற கருவி விட்டு குகைக்கே மேப் போட்டவர் ஒருத்தர், வெளிய போக வழி தெரியாம தொலைஞ்சு போறதும் அவர்தான். பிணத்தைப் பார்த்துப் பயந்து ஓடின உயிரியல்காரர், பாம்பு மாதிரி ஒண்ணு படம் எடுத்து நிக்கும்போது அதைக் கொஞ்சறார், செல்லமாம்! கிளைமாக்ஸ்ல உருண்டு வர்ற கப்பலுக்கு முன்னாடி சார்லிஸ் தெரான் நேர்க்கோட்டுல ஓடறது தனிக் காமெடி. மெட்ராஸ்ல தண்ணி லாரி வர்ற ரோட்டைக் கிராஸ் பண்ணி வளர்ந்த எந்தக் குழந்தையும் ரெண்டு அடி பக்கவாட்டுல நகர்ந்திருக்கும்.

கிழவர் மேக்கப் பத்தியும் சொல்லணும். அந்த ரோலுக்கு நடிகர் கை பியர்ஸை எதுக்கு ரப்பர் போட்டு வயசாக்கணும், நிஜமாவே வயசான நடிகருக்கா பஞ்சம்? தசாவதாரம் மேக்கப்பை நாம கிண்டல் பண்ணினோமே, இதைப் பார்த்தப்புறம் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியே வந்துடுச்சு.

இதெல்லாம் கூட மன்னிச்சிடுவேன், மன்னிக்க முடியாதது வேற. பழைய ஏலியன்ல ஒரு சீன், கைவிடப்பட்ட கப்பலுக்குள்ள ஒரு ராட்சச உருவம் சீட்டோட சீட்டா கல்லாகிப் போய் உட்கார்ந்திருக்கும், நெஞ்செலும்பு உள்ளேருந்து வெளிய வெடிச்சிருக்கும். யாரு என்னன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஓவியர் எச்.ஆர். கீகர் டிசைன் அது. அது இன்னும் பெரிசாத் தெரியணும்னு ஸ்காட் தன் பசங்களுக்கே குட்டி ஸ்பேஸ் சூட் மாட்டி பக்கத்துல நடக்க விட்டு எடுத்தார், அவ்ளோதான் தந்திரம். எனக்கு அந்த உருவம் வருஷக்கணக்கா மண்டைக்குள்ள இருந்துச்சு. இந்தப் படம் என்ன சொல்லுதுன்னா, அந்த யானைத் தலை மாதிரி இருக்கறது வெறும் ஹெல்மெட்டாம், கழட்டினா உள்ள நம்மள மாதிரியே எட்டடிக்கு ஒரு மொட்டைத் தலை ஆளாம். போச்சு. அவ்ளோ கிராஃபிக்ஸ் கம்பெனி சேர்ந்து செஞ்ச உருவத்தை விட, அன்னிக்கு செட்டுல சின்னப் பசங்களை நடக்க விட்டது பெரிசாத் தெரியுது. முன்கதை எடுக்கறவங்க எல்லாம் மாட்டற இடம் இது, விளக்கினா உருவம் சுருங்குது, விளக்கலன்னா எதுக்கு முன்கதைன்னு கேப்பாங்க. இவங்க விளக்க வேண்டாததை விளக்கிட்டு, விளக்க வேண்டியதை அடுத்த பார்ட்டுக்குன்னு எடுத்து வச்சுட்டாங்க.

ஆஸ்கர்ல விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு நாமினேட் ஆச்சு, லைஃப் ஆஃப் பை தட்டிட்டுப் போச்சு. பாண்டிச்சேரிப் பையன் கதை, பாம்பே ஜெயஸ்ரீ தமிழ்ல பாடின தாலாட்டும் அந்த வருஷம் நாமினேஷன்ல இருந்துச்சு, அதனால நமக்கு யாரு பக்கம்னு சந்தேகமே இல்ல. அந்தப் புலியைச் செஞ்ச ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி விருது வாங்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் திவால் நோட்டீஸ் குடுத்துச்சுங்கறதை நினைச்சா மட்டும் இப்பவும் மனசு ஒரு மாதிரி இருக்கு.

பார்க்கறதா இருந்தா ஃபோன்ல பார்க்காதீங்க, பெரிய டிவி, லைட் ஆஃப், நல்ல ஸ்பீக்கர். ஏலியன் பார்க்காதவங்க இதை முதல்ல பார்க்க வேண்டாம்னு சொல்லலாம்னு இருந்தேன், ஆனா அக்கா பையன் அதைப் பார்த்ததே இல்ல, என்னை விட அவன்தான் ஜாலியா ரசிச்சான். முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, அந்த மொட்டைத் தலை ஆளுங்களே நம்மளை உருவாக்கிட்டு, அப்புறம் எதுக்கு நம்மளை அழிக்கப் பார்த்தாங்க?"

"தெரியலடா, படத்துல சொல்லல."

"அடுத்த பார்ட்ல சொல்வாங்களா?"

அடுத்த பார்ட்ல அந்த ஆளுங்களையே கொத்தா காலி பண்ணிடுவாங்கன்னு சொல்ல வாய் வரல. சப்பாத்தி ஆறுதுன்னு அக்கா உள்ளேருந்து கத்தினாங்க, தப்பிச்சேன்.