6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்: கிட் நல்லது, ரெசிஸ்டர்தான் சொதப்பல்

பழைய டைனமோ கார்களுக்கான இந்தக் கிட்டில் ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், பல்புகள், ஃபிளாஷர், பழைய 6 வோல்ட் பெட்ரோல் மீட்டருக்கு வோல்ட்டேஜைக் குறைக்க ஒரு பீங்கான் ரெசிஸ்டர் எல்லாம் வருகின்றன. வயரிங்கைத் தொட வேண்டாம். 12 வோல்ட்டில் கரன்ட் பாதிதான்: 36 வாட் ஹெட்லைட் 6 ஆம்பியருக்குப் பதில் 3 தான் இழுக்கும். வளைத்தால் இன்சுலேஷன் உதிர்கிற வயரை மட்டும் மாற்றுங்கள். ஃபியூஸையும் பாதியாகக் குறையுங்கள், கையேட்டில் இது இல்லை!

அந்த ரெசிஸ்டர் வீண். டேங்க் அளவு மாற மாற மீட்டருக்குள் ஓடும் கரன்ட்டும் மாறும், கூடவே ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜும் மாறும். முள் பொய் சொல்லும். நெகட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்றால் ஹீட்சிங்க்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒரு 7806, அதாவது சீராக 6 வோல்ட் தரும் சின்ன ரெகுலேட்டர் சிப், போதும். பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த பாசிட்டிவ் எர்த்துக்கு அதன் நெகட்டிவ் ஜோடியான 7906.

பழைய ஸ்டார்ட்டர் அப்படியே ஓடும், ஆனால் முரட்டு வேகத்தில் பாய்ந்து ஃப்ளைவீல் பல்லைத் தின்னும். சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.