தமிழ்நாட்டின் பி.எட். படிப்பு: 16 வாரப் பள்ளிப் பயிற்சியே அதன் உயிர்

பட்டப்படிப்பை முடித்து ஆசிரியராக விரும்புவோர் கடந்தாக வேண்டிய ஈராண்டுப் பி.எட். படிப்பைப் பற்றி, அதை ஒரு சுயநிதிக் கல்லூரியில் படித்து, இப்போது உயர்நிலைப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். சேரலாமா என்று கேட்போருக்குச் சேரலாம் என்றே சொல்வேன். ஆனால் எந்தக் கல்லூரி என்பதை அதன் கட்டடத்தையோ கட்டணச் சலுகையையோ பார்த்து முடிவு செய்யாமல், இரண்டாம் ஆண்டில் பள்ளிக்குச் சென்று கற்பித்துப் பழகும் பள்ளிப் பயிற்சியை அது எவ்வாறு நடத்துகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஓராண்டாக இருந்த இப்படிப்பு, ஆசிரியர் கல்வியை ஆராய்ந்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-இல் அளித்த பரிந்துரைகளையும் தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளையும் அடுத்து, 2015-16 முதல் ஈராண்டாயிற்று. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வகுப்புகளுக்குக் குறைந்தது 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு என்பது விதி. தமிழ்நாட்டில் பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதும், 2008-இல் தொடங்கப்பட்டுச் சென்னை காரப்பாக்கத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கூடுதலாக வந்த ஓராண்டு, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓராண்டு வருமானத்தின் இழப்பு என்பதை மறுக்க முடியாது. பயிற்சிக் காலம் நீண்டது என்பதால் மட்டுமே அந்த இழப்பு நியாயமாகிறது.

முதலாண்டுப் பாடங்களில் 'குழந்தைப்பருவமும் வளர்தலும்' எனக்கு மிகவும் பயன்பட்டது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைச் சோம்பேறி என்று முத்திரை குத்துவதற்கு முன் வீட்டுச் சூழலையும் பார்வைக் குறைபாட்டையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அந்தப் பாடத்தால்தான் வந்தது. மற்றப் பாடங்கள் பலவற்றை வழிகாட்டி நூல்களிலிருந்து குறிப்பெடுத்து மனப்பாடம் செய்தே தேறிவிடலாம். அப்படித் தேறுவோரே மிகுதி.

நுண்ணிலைக் கற்பித்தலைப் பலர் வெறும் சடங்காகக் கருதுகிறார்கள். 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த இம்முறையில், வினாக் கேட்டல், விளக்குதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் என்று ஒவ்வொரு திறனையும் தனியே பிரித்து, சில நிமிடப் பாடமாகச் சக மாணவர்கள் முன் நடத்தி, குறைகளைக் கேட்டு, மீண்டும் நடத்த வேண்டும். அந்த மறுமுறைதான் முறையின் சாரம். பெரும்பாலான கல்லூரிகள் நேரமில்லை என்று அதையே விட்டுவிடுகின்றன. வினாவைக் கேட்டவுடன் விடையையும் நானே சொல்லிவிடுகிறேன் என்பது மறுமுறை நடத்தியபோதுதான் எனக்குப் புலப்பட்டது. கேள்விக்குப் பின் சற்றே பொறுத்திருந்தால் பின்வரிசையிலிருந்தும் கை உயர்வதை இன்றும் காண்கிறேன்.

படிப்பின் பெறுமதி முழுவதும் பள்ளிப் பயிற்சியில் இருக்கிறது. முதலாண்டில் 4 வாரங்களும் இரண்டாம் ஆண்டில் 16 வாரங்களும் இதற்கு ஒதுக்கப்பட்டுள்ளன. எனக்கு ஓர் அரசுப் பள்ளி கிடைத்தது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் ஏன் வருகிறது என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டபோது, 'அதுதான் விதி' என்பதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி இருக்கையில் அமர்ந்து கவனித்த வழிகாட்டி ஆசிரியை, வகுப்பு முடிந்தபின், ஒரு குறை எண்ணை எடுத்துக்கொண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, சுழி, குறை ஒன்று என்று அதைப் பெருக்கும் எண்ணைப் படிப்படியாகக் குறைத்து எழுதி, விடைகளின் ஒழுங்கைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுமாறு காட்டித் தந்தார். இரண்டு ஆண்டுகளில் எந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவு கற்பிக்கவில்லை.

இதே 16 வாரங்கள் வீணாவதற்கும் வழிகள் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பள்ளிகளில் பயிற்சி மாணவர்களை ஆளில்லாத வகுப்புகளுக்குக் காவலாக அனுப்பிவிடுகிறார்கள். பாடக்குறிப்பேடு, உற்றுநோக்கல் பதிவேடு, செயலாய்வு அறிக்கை என்று எழுதிக் குவிக்க வேண்டியவற்றுக்கே இரவெல்லாம் போய்விடுகிறது. அவற்றைக் காசு கொடுத்து எழுதி வாங்குவோரும் இருக்கிறார்கள். எங்கள் கல்லூரியின் மேற்பார்வைப் பேராசிரியர் பள்ளிக்கு வந்தது அரிது. வந்தபோதும் குறிப்பேட்டில் கையொப்பமிட்டாரேயன்றி, வகுப்பில் அமர்ந்து கேட்கவில்லை. ஈராண்டுக்கும் சேர்த்து 200 மாணவர் பயிலும் கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர்கள் வேண்டும் என்று ஒழுங்குமுறை சொல்வது இத்தகைய மேற்பார்வைக்காகவும்தான். 'வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்' என்று ஆசை காட்டும் கல்லூரிகள் மாணவரிடமிருந்து பறிப்பதும் இதைத்தான். அங்கே வாங்கும் பட்டம் நாளை நாற்பது பிள்ளைகள் முன் நிற்கும்போது கைகொடுக்காது.

சேருமுன் இன்னொன்றையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பி.எட். தகுதியின் ஒரு பகுதி மட்டுமே. தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் 2010 ஆகஸ்ட் 23-ஆம் நாளிட்ட அறிவிக்கையின்படி 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். தொடக்க வகுப்புகளுக்குப் பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், பி.எட். படித்தவர் எழுத வேண்டியது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கான இரண்டாம் தாள்: 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள், பொதுப் பிரிவினர் பெற வேண்டியது 60 விழுக்காடு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் தகுதித் தேர்வில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதி, ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. இப்போது சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்றாலும், 2018-இன் அரசாணைப்படி அரசுப் பள்ளிப் பணிக்குத் தனியே போட்டித் தேர்வும் எழுத வேண்டும். இவை எதற்கும் கல்லூரி வகுப்புகள் ஆயத்தம் செய்வதில்லை. ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் பாடநூல்களை முதலாண்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. 1856-இல் தொடங்கிய சைதாப்பேட்டைக் கல்லூரி, பெண்களுக்கான லேடி வெலிங்டன், கோவை, புதுக்கோட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம், வேலூர் ஆகிய ஏழிலும் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இடங்களும் குறைவு. தனியார் கல்லூரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், சேர்க்கைக்கு முன் ஒரு வேலை நாளில் நேரில் சென்று, எந்தெந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள், மேற்பார்வையாளர் எத்தனை முறை வருவார் என்று கேளுங்கள். பிறகு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் பாடக்குறிப்பேட்டை வாங்கிப் புரட்டி, பக்கங்களில் பேராசிரியர் கைப்பட எழுதிய திருத்தங்கள் இருக்கின்றனவா, கையொப்பம் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.