பேர்போட் படகு வாடகை: மாலுமி இல்லை, பொறுப்பு முழுக்க நமக்கு

பேர்போட் சார்ட்டரில் கிடைப்பது படகு மட்டும்தான். கேப்டனும் சமையல்காரரும் கிடையாது. டீசலும் துறைமுகக் கட்டணமும் நம் கணக்கு. கேபின் படங்களை வைத்து நிறுவனத்துக்கு மதிப்பெண் போடுவது வீண். படகை எப்படி ஒப்படைக்கிறார்கள் என்பதில்தான் தரம் தெரியும்.

தகுதிச் சான்று நாட்டுக்கு நாடு மாறும். கிரீஸும் குரோஷியாவும் உரிமம் கேட்கும், குரோஷியாவில் வி.எச்.எஃப். (படகுகள் பேசிக்கொள்ளும் வானொலி) ரேடியோ சான்றும் வேண்டும். பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பெரும்பாலும் கடல் அனுபவப் பட்டியலே போதும்.

மத்தியதரைக் கடல் வழக்கப்படி சனிக்கிழமை மாலை 5 மணிவாக்கில் படகு கைக்கு வரும். அவசரம் வேண்டாம். இருபது நிமிடத்தில் கையெழுத்து கேட்கும் இடத்துக்குத் தாராளமாக மதிப்பெண் குறைக்கலாம். எஞ்சினை ஓட்டி, புகைக்குழாய் வழியே புகையோடு கடல்நீரும் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டாவிட்டால் பெரும்பாலும் இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரம்) போயிருக்கும், அல்லது சீகாக் (கடல்நீர் உள்ளே வரும் வால்வு) மூடியிருக்கும். வரவேற்புக்கு வைக்கும் ஒயின் பாட்டிலைவிட உதிரி இம்பெல்லர் முக்கியம்!

அதிகம் மக்கர் செய்வது நங்கூர வின்ட்லாஸ், அதாவது நங்கூரச் சங்கிலியைச் சுருட்டும் மின் இயந்திரம். அதன் பிரேக்கர் (அதிக மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) எங்கே என்று கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். மின்சாரத்தை இழுக்கும் சாதனம் அது. எஞ்சின் ஓடும்போதே இயக்க வேண்டும். படகையே சங்கிலியால் இழுக்க வைத்தால் பிரேக்கர் விழும். எஞ்சினால் மெல்ல முன்னேறி, தளர்ந்த சங்கிலியை மட்டும் சுருட்டுங்கள். சங்கிலி நீளத்துக்கு ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள்: 6 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் 35 மீட்டர். நீள அடையாளங்கள் அழிந்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

கழிப்பறைகள் ஒவ்வொன்றையும் பம்ப் செய்து பாருங்கள். கழிவுத் தொட்டி நிறைந்து அதன் வெளியேற்று வால்வும் மூடியிருக்கும்போது அழுத்தினால் குழாய் பிய்த்துக்கொள்ளும். காகிதம் போட்டு அடைத்தால் செலவு டெபாசிட்டில் கழியும். ஃப்ரிட்ஜ் இரவெல்லாம் ஓடினால் பேட்டரி இறங்கும். ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் ஏறத்தாழ பாதிதான் மிச்சம்.

டெபாசிட் குறைப்புக் காப்பீடு (சேதம் நேர்ந்தால் டெபாசிட்டில் நாம் இழப்பதைக் குறைப்பது) எல்லாவற்றையும் தாங்காது. டிங்கி (கரைக்குப் போகும் சிறு படகு), அவுட்போர்ட் (அதன் எஞ்சின்) தொலைந்தாலோ படகின் அடிப்பகுதி தட்டினாலோ பல ஒப்பந்தங்களில் அந்தக் காப்பீடு செல்லாது. திரும்பும்போது முக்குளிப்பவர் கீல் (அடியில் நீட்டியிருக்கும் எடைப் பகுதி), புரொப்பெல்லர் பார்ப்பார். ஆகவே முந்தைய சோதனையின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். பழைய கீறல்களைத் தேதியோடு படமெடுத்து, சரிபார்ப்புப் பட்டியலிலும் எழுத வையுங்கள். டீசல் நிரப்பிய ரசீதையும் தொலைக்காதீர்கள்.