இருபது பழைய கணினிகள்: தனித்தனி லினக்ஸா, ஒரே சர்வரா?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பள்ளி ஆய்வகக் கணினிகளில் கிடையாது. அதற்காக அவற்றைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். 64 பிட் செயலியும் 2 ஜிபி ரேமும் இருந்தால் டெபியன் எக்ஸ்எஃப்சிஇ (இலவச இயங்குதளமான லினக்ஸின் எடை குறைந்த வடிவம்) நன்றாகவே ஓடும். அதை ஒவ்வொரு கணினியிலும் தனியாக நிறுவுவதா, மற்றவை சார்ந்திருக்கும் ஒரே மையக் கணினியில் (சர்வரில்) நிறுவுவதா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொன்றிலும் தனியாக நிறுவுவது கேரளப் பள்ளிகள் போகும் வழி. அங்கே மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், உபுண்டு என்ற லினக்ஸை வைத்துத் தானே ஒரு பதிப்பைத் தயாரித்துத் தருகிறது. ஒரு கணினி படுத்தாலும் மற்றவை ஓடும். ஆனால் தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுப்பைச் சேர்க்க இருபது முறை உட்கார வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால் சில கணினிகள் மறுநாள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டி, முழுதாக எழாமல் நின்றுவிடும். வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளை பெரும்பாலும் மீட்டுவிடும்; அதற்குள் பாடவேளை போய்விடும்.

இன்னொரு வழி எல்டிஎஸ்பி: பல கணினிகளை ஒரே சர்வரிலிருந்து எழவைக்கும் லினக்ஸ் மென்பொருள். இந்த முறையில் எல்லாவற்றையும் சர்வரில் ஒருமுறை நிறுவி, 'எல்டிஎஸ்பி இமேஜ்' கட்டளையால் படிமம் (அந்த முழு நிறுவலின் நகல்) எடுத்தால் போதும். மற்ற கணினிகள் நெட்வொர்க் வழியே அதிலிருந்து எழும். அவற்றில் ஹார்டு டிஸ்க்கே தேவையில்லை. மின்வெட்டில் கெட்டுப்போக அங்கே ஒன்றுமில்லை. பிள்ளைகளின் கோப்புகள் சர்வரில் இருப்பதால் எந்த இருக்கையிலும் திறக்கலாம்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. புதிய மாணவர் கணக்கைச் சேர்த்தபின் 'எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி' கட்டளையை ஓட்ட மறந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது. சர்வர் 100 மெகாபிட் சுவிட்சில் (கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் பெட்டியில்) இருந்தால் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட்டை இருபது பேர் பங்குபோட வேண்டும். கிகாபிட் சுவிட்சே வாங்குங்கள். மூன்றாவதுதான் அதிகம் அலைக்கழிக்கும்: மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) நெட்வொர்க் வழியே எழ வேண்டும் என்ற அமைப்பை மறந்துவிடும். முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

சர்வர் நின்றால் வகுப்பே நிற்கும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் பள்ளியிடம் இருக்கும் ஒரே யுபிஎஸ்ஸைச் சர்வருக்கும் சுவிட்சுக்கும் கொடுங்கள். பிள்ளைகளின் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவை வாரம் ஒருமுறை வெளி வட்டில் நகலெடுங்கள். பத்துக் கணினிகளுக்கு மேல் இருந்தால் எல்டிஎஸ்பியே எங்கள் தேர்வு. நான்கைந்துதான் என்றாலோ சர்வருக்கு யுபிஎஸ் கிடைக்காது என்றாலோ, தனித்தனியாகவே நிறுவிவிடுங்கள்.