பேரிடர் பாடம்: அறிவியலிலா, சமூக அறிவியலிலா?

ஜப்பான் தொடக்கப் பள்ளிகளில் இரண்டிலும் உண்டு. அறிவியலில் 5ஆம் வகுப்பில் ஓடும் நீரும் புயலும், 6ஆம் வகுப்பில் எரிமலையும் நிலநடுக்கமும் வருகின்றன. மணல்மேட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு, ஆற்று வளைவின் வெளிக்கரைதான் அதிகம் அரிக்கப்படும் என்று புரிந்துவிடும். காரணம் தெரிந்தது, சரி. அப்புறம் எங்கே ஓடுவது?

அதற்குச் சமூக அறிவியல்தான் வேண்டும். 4ஆம் வகுப்பிலேயே தங்கள் மாகாணத்தில் முன்பு வந்த பேரிடர்களையும், அரசு அலுவலகங்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்யும் வேலைகளையும் படிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

ஆனால் எங்கே ஓடுவது என்று முடிவு செய்ய, ஆபத்து எதுவரை வரலாம் என்று காட்டும் அபாய வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது. கமைஷி நகரின் உனோசுமாய் தொடக்கப் பள்ளி, வரைபடத்தின் சுனாமி எல்லைக்கு வெளியேதான் இருந்தது. 2011இல் அலை அங்கும் வந்தது. பிள்ளைகள் கட்டடத்திலேயே இருந்துவிடாமல் மேட்டுக்கு ஓடியதால் பிழைத்தார்கள்.